அளவுகோல் யார் கையில்?

சீமான் வீட்டுச் சிறுவன் ஒருவன் எவரோடும் பேசாமல், எதிரே நிற்பவர் முகத்தையும் பாராமல், தனியே அமர்ந்து தனக்குள் எதையோ எண்ணிக் கொண்டிருக்கிறான். ஊர் என்ன சொல்கிறது? "ஆழ்ந்த சிந்தனை! பின்னாளிலே பெரிய அறிவாளியாவான்" என்கிறது. அதே தெருவின் கோடியிலே, கூலிக்காரன் குடிசையிலே, அதே வயதுச் சிறுவன் ஒருவன் அதே போல அமர்ந்திருக்கிறான். அவனைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? "பித்துக்கொள்ளி! பெற்றவர் செய்த பாவம், தலையெழுத்து" என்கிறது. இரு சிறுவரின் போக்கும் ஒன்றே. மாளிகையைப் பார்க்கும் கண் வேறு, மண்குடிசையைப் பார்க்கும் கண் வேறு!

இது பாமரர் பேச்சு, கல்வி பரவினால், அறிவியல் வளர்ந்தால் தானே அகன்றுவிடும் என்று எண்ணுவோர் உண்டு. எண்ணுவது எளிது, தோழர்களே! ஆனால் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. திண்ணையிலே பிறந்த இந்தப் பேச்சைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அறிவியல் என்று ஏட்டிலே எழுதினர்; கோடீசுவரர்கள் அதற்குப் பொருள் வழங்கினர்; சட்டமன்றங்கள் அதைச் சட்டமாக்கின; உச்சநீதிமன்றம் அதற்கு முத்திரை குத்திற்று. நடந்தது இருண்ட காட்டிலே அல்ல. மின்விளக்கும் மோட்டார் வண்டியும் மலிந்திருந்த அமெரிக்காவிலே! அந்த நாட்டிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வளர்ந்த இருவருடைய கதையை எடுத்துக் கொள்வோம். ஒருத்தி ஏழை வீட்டுப் பெண், கேரி பக். மற்றொருவர் வங்கி முதலாளி வீட்டுப் பேரன், டொனால்ட் டிரிப்லெட்.

கேரி பக் 1906ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்துச் சார்லட்ஸ்வில் நகரிலே பிறந்தாள். தாய் எம்மா, துணையற்ற ஏழை. குழந்தைப் பருவத்திலேயே கேரி வேறொரு குடும்பத்திலே வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டாள். வளர்ப்புப் பிள்ளை என்பது பெயர். வீட்டு வேலைக்காரி என்பது நடப்பு. ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகத் தேறி வந்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பினர். பதினேழாம் வயதிலே, அந்த வீட்டாரின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான். அவள் கருவுற்றாள். குற்றம் செய்தவன் எங்கோ போனான். குடும்ப மானம் காக்க வேண்டுமே! "இவள் மந்தமதியினள், ஒழுக்கமற்றவள்" என்று மனுச் செய்தனர். 1924ஆம் ஆண்டு, வலிப்பு நோயாளருக்கும் மந்தமதியினருக்கும் என வர்ஜீனியா அரசு நடத்திய காப்பிடத்திலே அடைக்கப்பட்டாள். நான்காண்டுகட்கு முன்பே அவள் தாயும் அதே காப்பிடத்திலே அடைக்கப்பட்டிருந்தாள். கேரி ஈன்ற பெண் குழந்தை விவியனை, அவளை வெளியேற்றிய வீட்டாரே எடுத்துச் சென்றனர்.

அதே 1924ஆம் ஆண்டு, மந்தமதியினர் பிள்ளை பெறாதவாறு அவர்களைக் கேளாமலே அறுவை செய்யலாம் என்று வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டம் செல்லுமா என்று பார்க்க ஒரு வழக்கு தேவைப்பட்டது. கேரியைத் தேர்ந்தெடுத்தனர்.

மந்தமதி என்று எப்படிக் கண்டனர்? அளவுகோல் ஒன்று இருந்தது. அதன் பிறப்பை அறிந்தால்தான் அதன் பிழையும் விளங்கும்.

பிரெஞ்சு நாட்டு உளநூலறிஞர் ஆல்பிரட் பினே, தம் தோழர் சிமோனுடன் சேர்ந்து 1905ஆம் ஆண்டு நுண்ணறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியிலே பின்தங்கும் பிள்ளைகள் எவரென அறிந்து, அவர்கட்குத் தனிக் கவனம் செலுத்துவதே அவர் நோக்கம். அறிவு என்பது பிறவியிலேயே நிறுத்து அளந்து முடிக்கப்பட்ட பண்டம் அல்ல. பயிற்சியால் வளரும் என்பது அவர் கொள்கை. பிள்ளையைத் தூக்கிவிட நீட்டப்பட்ட கை அது.

1911இல் பினே மறைந்தார். ஆனால் அதற்குள்ளாகவே அளவுகோல் கடல் கடந்துவிட்டது. நியூஜெர்சியிலே வைன்லாந்து என்னும் ஊரிலே மந்தமதியினர் பள்ளியை ஆராய்ந்து கொண்டிருந்த ஹென்றி கோடார்ட் அதை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தார். தூக்கிவிட நீண்ட கை, ஒதுக்கித் தள்ளும் கையாக மாறிற்று. 1913ஆம் ஆண்டு, நியூயார்க்குத் துறைமுகத்து எல்லிஸ் தீவிலே, கப்பலிலிருந்து இறங்கிய ஏழை மக்களிடம் கோடார்டின் உதவியாளர்கள் இந்தச் சோதனையை நடத்தினர். நெடும் பயணத்தால் களைத்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், பலர் எழுதுகோலே பிடித்தறியாதவர்கள். சோதித்த யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோரிலே பத்துக்கு எட்டுப் பேர் மந்தமதியினர் என்று முடிவு கட்டினர்! பத்துக்கு எட்டு என்று கணக்கு வந்தால், அளந்த கோல்தான் கோணல் என்று எவருக்கும் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஏனெனில் அந்தக் கணக்கு, அளந்தவர் முன்னமே நம்பியிருந்ததை மெய்ப்பித்தது.

1916ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் இதைத் திருத்தி விரித்து ஸ்டான்போர்டு–பினே சோதனை என வெளியிட்டார். அந்தக் கோலால் அளந்தே, கேரியின் மனவயது ஒன்பது என்றும், தாய் எம்மாவின் மனவயது எட்டுக்கும் குறைவு என்றும் எழுதினர்.

அளவுகோல் தயார். அதைத் தூக்கிச் சுமக்கப் பணம் வேண்டுமே! நல்ல குலத்தாரைப் பெருக்கி, தாழ்ந்த குலத்தாரைக் குறைத்து, மனித இனத்தை மேம்படுத்துவோம் என்ற கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர். 1883இல் அப்பெயரிட்டவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். செல்வக் குடும்பத்திலே பிறந்து, பிழைப்புக்கு உழைக்கத் தேவையற்றிருந்தவர். மேன்மை பரம்பரையாக வருகிறது என்று அவர் கண்டது வியப்பல்ல. அவருக்குச் சொத்து பரம்பரையாகத்தானே வந்தது! அமெரிக்காவிலே 1910ஆம் ஆண்டு, கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்திலே இக்கொள்கைக்கென ஒரு பதிவகம் எழுந்தது. பணம் தந்தவர் இரயில்பாதை முதலாளி ஹாரிமனின் விதவை. பின்னர் அதை ஏற்று நடத்தியது எஃகு மன்னர் கார்னெகியின் அறக்கட்டளையிலே உருவான கழகம். இரயிலால் வந்த பொருளும், எஃகால் வந்த பொருளும், ஏழையின் கருப்பையை ஆராயச் செலவாயின! பிறப்பால் மேலோன், பிறப்பால் கீழோன் என்ற பேச்சை நாம் சாத்திரத்திலே கேட்டிருக்கிறோம். அவர்கள் புள்ளிவிவரத்திலே கேட்டனர்.

அப்பதிவகத்தின் மேலாளர் ஹாரி லாஃப்லின். கேரியை அவர் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும், காப்பிடத்தார் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டே, இவள் பரம்பரை மந்தமதியினள் என எழுத்து மூலம் சான்று வழங்கினார். எட்டு மாதம்கூட நிறையாத விவியனைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருத்தி, குழந்தையின் பார்வையிலே ஏதோ இயல்பற்ற தன்மை இருப்பதாகச் சொன்னாள். கேரிக்காக வாதாட வந்த வழக்கறிஞர், அந்தக் காப்பிடத்தின் ஆட்சிக் குழுவிலே முன்னர் இருந்தவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் நெடுநாள் நண்பர். கேரியின் பள்ளிப் பதிவேட்டை எடுத்துக் காட்டவும் அவர் முனையவில்லை. இருபுறமும் ஒரே கட்சி. நடுவிலே ஓர் ஏழைப் பெண்!

வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1927ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒருபுறம், பியர்ஸ் பட்லர் ஒருவர் மட்டும் மறுபுறம். தீர்ப்பை எழுதியவர் சிறியார் அல்லர். முற்போக்காளர் என்று புகழப்பட்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அம்மைத் தடுப்பு ஊசியைக் கட்டாயமாக்க அரசுக்கு உரிமை உண்டென்றால், இந்த அறுவைக்கும் உண்டு என்றார். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று முடித்தார். மூன்றாம் தலைமுறை என அவர் குறித்தது கைக்குழந்தை விவியனை! அக்டோபர் 19ஆம் நாள் அறுவை நடந்தது. பின்னர்க் கேரியின் தங்கை டோரிசுக்கும் செய்தனர். குடல்வால் அறுவை என்று அவளிடம் பொய் சொன்னார்கள். பிள்ளை பிறக்காதது ஏன் என்று முதுமை வரை அவள் அறியாதிருந்தாள்.

மெய் என்ன? பின்னாளிலே பால் லம்பார்டோ என்ற சட்ட அறிஞர் பழைய ஏடுகளைத் தேடி எடுத்தார். கேரியின் பள்ளிப் பதிவேட்டிலே, நடத்தையும் பாடமும் மிக நன்று என்று ஆசிரியர் எழுதியிருந்தார். முதுமையிலே கேரி நாள்தோறும் செய்தித்தாள் படித்தாள். 1983ஆம் ஆண்டு மறைந்தாள். குழந்தை விவியனோ, 1931ஆம் ஆண்டு தன் பள்ளியிலே சிறந்த மாணவர் பட்டியலிலே இடம் பெற்றாள். அடுத்த ஆண்டே நோயுற்று எட்டு வயதிலே இறந்தாள். மூன்று தலைமுறை மூடர்கள் என்ற தீர்ப்புக்கு இதுதான் அடிப்படை!

இன்னொன்றும் உண்டு. லாஃப்லின் வரைந்த மாதிரிச் சட்டத்திலே, பிள்ளை பெறத் தகாதவர் பட்டியலிலே வலிப்பு நோயாளரும் இருந்தனர். பிற்காலத்திலே லாஃப்லினுக்கே வலிப்பு நோய் இருந்தது தெரிந்தது! அவர் மீது எந்தக் கத்தியும் பாயவில்லை. பட்டியல் எழுதுவோர் பட்டியலிலே வருவதில்லை அன்றோ!

அமெரிக்காவிலே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி அறுவைக்கு ஆளாயினர். 1933ஆம் ஆண்டு ஹிட்லரின் ஆட்சி, லாஃப்லினின் மாதிரியைத் துணையாகக் கொண்டு தானும் ஒரு சட்டம் இயற்றிற்று. அங்கே ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். 1936இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் சூட்டிற்று. அறுவையோடு நின்றதா? நிற்கவில்லை. 1940ஆம் ஆண்டு தொடங்கி மனநலக் காப்பிடங்களிலே இருந்தவர்களை நச்சு வாயுவால் கொல்லலாயினர். 1941 ஆகஸ்டுக்குள் எழுபதாயிரம் பேர் மாண்டனர். வியன்னாவின் ஸ்பீகல்குரண்டு நிலையத்திலே ஏறத்தாழ 800 குழந்தைகள் மடிந்தனர். அந்நகரின் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சில சிறுவரின் தனிப்பட்ட திறன்களை வியந்து 1944இல் கட்டுரை எழுதியவர். அவர் பெயரால் ஒரு நிலையே அழைக்கப்பட்டது. அவரே வேறு சில குழந்தைகளை அந்த நிலையத்துக்கு அனுப்பினார் என்பதை 2018இல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். பயன்படுவான் என்று தோன்றியவனுக்குப் பாராட்டு. பயன்படான் என்று தோன்றியவனுக்குப் படுகுழி!

இனி, மற்றொருவர் கதைக்கு வருவோம். மிசிசிப்பி மாநிலத்திலே ஃபாரஸ்ட் என்பது சிற்றூர். அங்கே 1933ஆம் ஆண்டு டொனால்ட் டிரிப்லெட் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாயின் குடும்பம் ஊர் வங்கிக்கு உரிமையானது. குழந்தை எவரையும் நாடவில்லை. பொருள்களைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தது. இரண்டு வயதிலே சமயப் பாடத்து 25 வினாவிடைகளை ஒப்பித்தது. ஆனால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. மருத்துவர் அறிவுரைப்படி 1937இல் பெற்றோர் அவரை ஒரு காப்பிடத்திலே விட்டனர். அந்த மாநிலத்திலும் 1928 முதலே அறுவைச் சட்டம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஓராண்டு கழித்து, நிலையத் தலைவர் தடுத்தும், பெற்றோர் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தனர். பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கேனருக்குத் தந்தை 33 பக்கக் கடிதம் எழுதினார். 1943ஆம் ஆண்டு கேனர், பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, ஆட்டிசம் என இன்று நாம் வழங்கும் நிலைக்கு இலக்கணம் வகுத்தார். அதிலே முதல் குழந்தை டொனால்ட்.

டொனால்ட் பள்ளியிலே பயின்றார்; கல்லூரியிலே பயின்று 1958இல் பட்டம் பெற்றார்; குடும்ப வங்கியிலே வேலை பார்த்தார்; கோல்ஃப் ஆடினார்; தன்னந்தனியே பல நாடுகள் சுற்றினார். 2023ஆம் ஆண்டு, 89ஆம் வயதிலே, சொந்த ஊரிலே மறைந்தார். மனத்திலே எக்குறையும் இல்லாத கேரிக்குக் கத்தி. மனத்தின் அமைப்பிலே மெய்யாகவே வேறுபட்ட டொனால்டுக்குக் கல்லூரி! இருவரையும் பிரித்தது மூளையா, வங்கியா?

அன்று மிசிசிப்பியிலே கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாயில், வாக்குரிமையும் பெயரளவுக்கு. அதே ஃபாரஸ்டிலே, பருத்திக் கூலியான ஒரு கறுப்பர் குடிசையிலே அத்தகைய பிள்ளை பிறந்திருந்தால், 33 பக்கக் கடிதத்தை எவர் எழுதியிருப்பார்? எந்த மருத்துவர் படித்திருப்பார்? கேனரிடம் வந்து சேர்ந்த குழந்தைகள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள குடும்பத்தார். எனவே இது மேட்டுக்குடியின் நிலை என்றே கருதிவிட்டனர். அங்கேயும் பழி சுமத்தப் பெண் ஒருத்தி கிடைத்தாள்: அன்பற்ற, பனிக்கட்டி போன்ற தாய்மாரே காரணம் என்றனர்! 1964இல், தாமும் அத்தகைய மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளநூலறிஞர், இது உடலியல் சார்ந்தது, தாயின் குற்றமன்று என்று நூல் எழுதி வாதிட்டார். இலண்டனிலே மருத்துவர் லோர்னா விங், அவரும் அத்தகைய மகளின் தாய், வந்தவர்களை மட்டும் எண்ணாமல் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் தேடிக் கணக்கெடுத்தார். செல்வருக்கும் ஏழைக்கும் இதிலே வேறுபாடு இல்லை என்று 1980ஆம் ஆண்டு எழுதினார். நோயிலே வர்க்கம் இல்லை. மருத்துவர் வாசலிலேதான் வர்க்கம் இருந்தது!

அப்படியானால் பணம் இருந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களில் ஒருவர் ஜோசப் கென்னடி. அவர் மகள் ரோஸ்மேரி அறிவு வளர்ச்சியிலே பின்தங்கியிருந்தார். மகன்மாரின் அரசியல் வாழ்வுக்கு ஊறு வருமோ என்ற அச்சம் அந்த வீட்டைச் சூழ்ந்திருந்தது. 1941ஆம் ஆண்டு தந்தையின் ஒப்புதலோடு ரோஸ்மேரியின் மூளையிலே அறுவை செய்தனர். நடையும் பேச்சும் குலைந்தன. 23 வயதுப் பெண், 2005இல் இறக்கும் வரை காப்பிடத்திலேயே காலம் கழிக்க நேர்ந்தது. மகன் ஜான் நாட்டின் குடியரசுத் தலைவரானார். கோடி இருந்தும் அந்தப் பெண்ணைக் காக்க முடியவில்லை. ஏன்? ஊர் என்ன சொல்லும் என்ற ஒரு கேள்வி, கோடியை வென்றுவிட்டது.

டொனால்டைக் காத்ததிலே வங்கிக்குப் பங்கு உண்டு, ஐயமில்லை. ஆனால் அவரை ஆளாக்கியதிலே எளிய உழவர் தம்பதியர் இருவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒன்பதாம் வயதிலே டொனால்ட் ஊருக்குச் சில கல் தொலைவிலே அவர்களது பண்ணையிலே தங்கினார். எதையும் அளப்பதிலும் எண்ணுவதிலும் அவருக்குத் தீராத வெறி. அதை அடக்க அவர்கள் முனையவில்லை. கிணறு வெட்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல் என்றனர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிய பையனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்தனர். நேரில் சென்று பார்த்த கேனர், அவர்கள் மதிநுட்பத்தை வியந்து எழுதினார். எண்ணிப் பாருங்கள்! பேராசிரியர்கள் அளவுகோலைக் கொண்டு பிள்ளைகளை அளந்தனர். அந்த உழவரோ அளவுகோலைப் பிள்ளையின் கையிலே கொடுத்தனர்!

ஊரும் பின்தொடர்ந்தது. பள்ளித் தோழர்கள் ஒருநாள், இக்கட்டடத்திலே எத்தனை செங்கல் என்று கேட்க, டொனால்ட் நொடியிலே ஒரு தொகை சொன்னாராம்; ஊரே வியந்து அதைக் கதையாகப் பேசிற்று. பின்னாளிலே பத்திரிகையாளர் கேட்டபோது, எண்ணவே இல்லை, மதிப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றார்! அவரை நாடி வந்த அந்தப் பத்திரிகையாளரை, டொனால்டுக்குத் தீங்கு நேர்ந்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊரார் எச்சரித்தனர். மேதை என்பதற்காகவா? இல்லை, எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக.

இன்று காலம் மாறிவிட்டது என்பர். மாறியிருக்கிறது. 1998இல் ஆஸ்திரேலியாவிலே ஜூடி சிங்கர், மூளைகளின் அமைப்பிலே வேறுபாடு இயற்கை என்னும் பொருளிலே, நரம்பியல் பன்மை என்ற கருத்தை ஆய்வேட்டிலே எழுதினார். 2021இல் உலகப் பெருஞ்செல்வர்களில் ஒருவரான ஈலான் மஸ்க், தமக்கு ஆஸ்பெர்கர் நிலை உண்டு என்று தொலைக்காட்சி மேடையிலே அறிவித்தார், அவை ஆரவாரித்தது. மகிழ்ச்சியே! ஆனால் அந்த ஆரவாரம் நிலைக்கா, செல்வத்துக்கா?

கேட்கக் காரணம் உண்டு. லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியா முழுவதும் சோதனை நடத்தி மேதைச் சிறுவரைப் பொறுக்கினார். அதிலே தேறாதவர்களில் ஒருவர் வில்லியம் ஷாக்லி. அவரே பின்னர் டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக 1956இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு கலிபோர்னியாவிலே அவர் தொடங்கிய ஆய்வகத்திலிருந்தே சிலிக்கான் பள்ளத்தாக்கு கிளைத்தது. அளவுகோலின் பிழைக்கு அவரைவிடச் சான்று எவர்? ஆயினும் அவர் என்ன செய்தார்? நுண்ணறிவுச் சோதனையிலே குறைந்த எண் பெற்றோர் பிள்ளை பெறாதிருக்கப் பணம் கொடுப்போம் என்று முதுமையிலே ஊர் ஊராகப் பேசினார்! அடிபட்டவன் கையிலே கோல் கிடைத்தால் அவனும் அடிக்கிறான். புதிய பொறி வந்தால் பழைய மடமை தானே மாளும் என்பது வீண் நம்பிக்கை. பொறியை ஓட்டுவதும் மனிதனின் கருத்தே.

நம் நாட்டிலே 1995ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளர் சட்டத்திலே ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகையை இருபத்தொன்றாக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. சட்டம் ஏட்டிலே ஏறிவிட்டது. நம் நாவிலே ஏறிற்றா? சினமூட்டியவனைத் திட்ட நாம் எடுக்கும் சொற்கள் எவை? மேடையிலே மாற்றானை இகழ எந்தப் பிள்ளைகளின் நிலையை உவமையாக்குகிறோம்? பகுத்தறிவு பேசும் நாமே அதைச் செய்கிறோமா இல்லையா? நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்வோம்.

தலையெழுத்து என்று ஒருவன் சொன்னால், எழுதியவன் யார் என்று கேட்கப் பழகிவிட்டோம். தாழ்ந்த எண் என்று ஒருவன் சொன்னால், அளந்தவன் யார் என்று கேட்கவும் பழக வேண்டும். காவி உடுத்தி வந்தாலும், வெள்ளைச் சட்டை அணிந்து ஆய்வகத்திலிருந்து வந்தாலும், மடமை மடமைதான். 2002ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் ஆளுநர், அந்தத் தீர்ப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டிலே, மாநிலத்தின் சார்பிலே மன்னிப்புக் கோரினார். கேட்பதற்குக் கேரி இல்லை. எழுபதாண்டுகட்கு முன்பே விவியனும் இல்லை. மன்னிப்பு தாமதமாகலாம், அந்தக் கேள்வி தாமதமாகக் கூடாது. நம் தெருக்கோடியிலே தனியே அமர்ந்திருக்கும் பிள்ளைக்காக, அதை இன்றே கேட்போம்.